கேட்டில் கம்பளியோடு நின்றவளுக்கு

அக்கா,

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நாப்தலின் உருண்டையின் நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. என் இன்னொரு வெள்ளைச் சட்டை நேற்றைய மழையில் காயவில்லை, அதனால்தான் திறந்தேன். மேலே அப்பாவின் கறுப்புக் கம்பளி கிடந்தது. தங்கச் சுரங்கத்தில், அதான் மைன்ஸில், கம்பெனி கொடுத்த கம்பளி, தொட்டால் இன்னும் உள்ளங்கையைக் கீறும். அதைத் தூக்கினால் அடியில் என் சட்டை. அன்றைக்கு நான் போட்டிருந்த அதே சட்டை. காலரில் ரத்தக் கறையோடு சுருட்டி உள்ளே எறிந்து, “இனிமே இது வேணாம்” என்று பெட்டியை ஓங்கிச் சாத்தினேனே, அது. நீ எப்போது அதை எடுத்தாய், எப்போது துவைத்தாய், எப்போது இஸ்திரி போட்டாய்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலரில் கறையும் இல்லை, சுருக்கமும் இல்லை.

சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது முகம் சுட்டது. ஆளில்லாத வீடு, கதவு சாத்தியிருக்கிறது, பார்ப்பதற்கு ஒரு பூனைகூட இல்லை. அப்போதும் எனக்கு வெட்கம். சீ, என்ன பிறவி நான்! அந்த நாளுக்குப் பிறகு மறுபடியும் தனியாகப் பறக்க வேண்டிய நாள் இன்றுதான். பக்கத்து இருக்கையில் பயிற்சி கொடுக்கிற சார் இல்லாமல், நான் மட்டும். இன்றும் சொதப்பினால் இந்தத் தொழிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவது என்று நேற்றே முடிவு செய்திருந்தேன். நம் சுரங்க லைன் வீடுகளில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வந்து நின்றுவிடுவார்களோ என்கிற பயம்.

உன்னால்தான் எனக்கு அந்தப் பெயர் வந்தது. விமானப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்த அன்றே லைன் முழுக்க ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொல்லிவிட்டு வந்தாய். அன்றிலிருந்து நான் பைலட்டு. குழாயடியில் பைலட்டு, மளிகைக் கடையில் பைலட்டு. அதோடு விட்டாயா? தினமும் கோரமண்டல் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் ஏறி கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் உனக்குப் பெட்டியில் எத்தனை கூட்டாளிகள்! “எங்க அப்பா டெய்லி கேஜ்ல பூமிக்குள்ள போனாரு, என் தம்பி மேல போவப் போறான்” என்று முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்வாய். நான் உன் கையைக் கிள்ளுவேன். “இன்னாத்துக்குடா கிள்ற? பொய்யா சொல்றேன்?” என்று அதையும் சத்தமாகவே கேட்பாய்.

அப்பா சுரங்கத்தில் இறங்கியதை நான் பார்த்ததில்லை. மைன்ஸ் மூடியபோது நான் கைக்குழந்தை. எனக்குத் தெரிந்த அப்பா கட்டிலில் உட்கார்ந்து இருமுகிற அப்பா. அவர் போய், அம்மாவும் போய், அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் நீ. ஷாஃப்ட், லெவல், ஷிஃப்ட் என்று நீ சொல்வதெல்லாம் எனக்குக் கதை. ஏர் பிளாஸ்ட்டும் அப்படித்தான். பூமிக்கு அடியில் பாறை வெடிக்கும், மேலே லைன் வீடுகளில் அலமாரியிலிருந்து பாத்திரம் உருளும். அடுத்த நிமிடம் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஷாஃப்ட்டுக்கு, சுரங்க வாய்க்கு, நடப்பார்களாம். அங்கே அழக் கூடாது, யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது, வரிசையாக நிற்க வேண்டும். தன் வீட்டு ஆள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் வந்துவிட்டாலும் கிளம்பக் கூடாது, கடைசி ஆள் வரும்வரை எல்லாரும் நிற்க வேண்டும். வந்தவனுக்குக் கம்பளி போர்த்தி, வெல்லம் போட்ட டீ கொடுத்து, நின்றவர்கள் ஒவ்வொருவரும் அவனைத் தொட வேண்டும். எல்லாரும் தொட்ட பிறகு மூத்தவர் ஒருவர் “மேல வந்துட்டான்” என்று உரக்கச் சொல்வார். அதுவரை அவன் வந்ததாகக் கணக்கில்லை. நீ பாவாடை சட்டையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி நின்றதைச் சொல்லும்போது நான் பாதியில் தூங்கிப் போயிருக்கிறேன்.

தூங்காமல் கேட்டிருக்கலாம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. என் மூன்றாவது தனிப் பறத்தல். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் அது. நீ போட்டோவில் பார்த்துவிட்டு, “இன்னாடா, இது நம்ம மீன்பாடி வண்டி சைசுக்குக் கீது” என்று சிரித்தாயே, அதேதான். ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும், மறுபடி இறங்க வேண்டும். மூன்று முறை. முதல் இரண்டும் பூப்போல இறங்கின. விமானம் நிறுத்துகிற ஹேங்கர் ஓரத்தில் நின்றிருந்த என் வகுப்புப் பையன்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். அந்தக் கட்டைவிரல்தான் என்னைக் கெடுத்தது.

மூன்றாவது முறை கொஞ்சம் வேகமாக வந்துவிட்டேன். தரை நெருங்கியதும் அவசரப்பட்டு விமானத்தின் மூக்கைத் தூக்கினேன். விமானம் இறங்காமல் மிதந்து, கொஞ்சம் மேலேயும் போய், வேகம் செத்து, தொப்பென்று விழுந்தது. சக்கரம் தரையில் மோதி எகிறியது. எகிறினால் என்ன செய்ய வேண்டும் என்பது முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்த பாடம். இன்ஜினுக்கு முழு வேகம் கொடு, மேலே போ, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி வா. அவ்வளவுதான். பெரிய பெரிய பைலட்டுகள் செய்வது. ஆனால் மேலே போனால் நான் சொதப்பியது ஹேங்கர் முழுக்கத் தெரிந்துவிடுமே! எப்படியாவது தரையில் உட்காரவைத்துவிட வேண்டும் என்று மூக்கை அழுத்தினேன். அடுத்த அடி முன்சக்கரத்தில். அதற்கடுத்த அடியில் முன்சக்கரம் மடங்கி, காற்றாடி ஓடுபாதையை உரசி, ஐயோ, அந்தச் சத்தம்! இன்ஜின் நின்றது. விமானம் மண்டிபோட்ட மாடு மாதிரி மூக்கைத் தரையில் ஊன்றி நின்றது. என் நெற்றி முன்பலகையில் இடித்து ரத்தம் காலருக்கு இறங்கியது.

சார் ஜீப்பில் பறந்து வந்தார். “ஸ்விட்ச் எல்லா ஆஃப் மாடித்யா?” என்றார் முதலில், எல்லாவற்றையும் அணைத்தாயா என்று கன்னடத்தில். தலையாட்டினேன். என் நெற்றியைப் பார்த்தார், காற்றாடியைப் பார்த்தார். பிறகு ஒரே கேள்வி. “யாக்கே கோ அரவுண்ட் மாட்லில்லா?” ஏன் மறுபடி மேலே போகவில்லை என்று. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் ஹேங்கர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. இப்போது கட்டைவிரல்கள் இல்லை, எல்லார் கையிலும் மொபைல்.

நெற்றியில் கட்டுப் போட்டதும் உனக்குப் போனில் பேசினேன். “அக்கா, லேண்டிங் கெட்டுப்போச்சு. பிளேன் கீழ மோதிடுச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல.” நீ “சரி” என்று சொல்லி வைத்துவிட்டாய். அப்பாடா, அக்கா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நடந்ததை உள்ளே பெரியவர்களுக்கு ஒன்றுக்கு மூன்று முறை விளக்க வேண்டியிருந்தது. மொபைலை அணைத்து வைக்கச் சொல்லிவிட்டார்கள். எனக்கு என்ன தெரியும், ‘ஒண்ணும் இல்ல’ என்பது நம் லைனில் செல்லாது என்று? அந்தக் காலத்தில் கீழே லெவலிலிருந்து போனில் ‘ஒண்ணும் இல்ல’ என்று சொன்ன ஆட்கள் மேலே வராமலே போயிருக்கிறார்கள். கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட வேண்டும், மற்றதெல்லாம் பேச்சு. இதைப் பக்கத்து வீட்டுத் தனம் அத்தை எனக்குச் சொன்னது பிற்பாடு, மிகவும் பிற்பாடு.

நான் வெளியே வந்தபோது செக்யூரிட்டிக்காரர் ஓடி வந்தார். “யாரப்பா இவரெல்லா? ஸ்ட்ரைக்கா?”

கேட்டைப் பார்த்தேன். எனக்கு உயிர் போய்விட்டது அக்கா. ஒரு டெம்போ நிறைய நம் லைன். மே மாத வெயிலில் காம்பவுண்டு சுவரோரம் வரிசையாக, ஒரு சத்தம் இல்லாமல், செருப்பை இழுக்கிற ஓசைகூட இல்லாமல். தனம் அத்தை கையில் பெரிய தூக்கில் டீ. பென்ஷன்காரர் ரத்தினம் மாமா, அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் போனவர், ஏதோ சாவு வீட்டுக்கு வந்ததுபோலத் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார். நடுவில் நீ. வீட்டுப் புடவை, வாராத தலை, கையில் அந்தக் கறுப்புக் கம்பளி. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே வந்திருக்கிறாய்.

“மச்சா, யாராச்சும் போய்ட்டாங்களா?” என்று என் வகுப்புப் பையன் ஒருவன் மெதுவாகக் கேட்டான். இன்னொருவன் மொபைலைத் தூக்கிப் பிடித்தான். விமானத்தை உடைத்த வெட்கம் ஒரு பக்கம் இருக்க, இது அதற்கு மேல் வந்து உட்கார்ந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்றிருந்தது.

கேட்டுக்கு வெளியே வந்து கத்தினேன். “இன்னாத்துக்கு வந்தீங்க எல்லாரும்? அதான் போன்ல சொன்னேன்ல? ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்ல?”

ஒருவரும் பதில் பேசவில்லை. அங்கே பேசக் கூடாதே. நீ கம்பளியை விரித்து என் தோளில் போர்த்தினாய். அந்த வெயிலில்! பிறகு ஒவ்வொரு கையாக வந்தது. தோளில் ஒன்று, முதுகில் ஒன்று, கன்னத்தில் ஒன்று. தனம் அத்தையின் கையில் வெங்காய வாசனை. கடைசியில் ரத்தினம் மாமா என் உச்சந்தலையில் கையை வைத்து அழுத்தி, சுவரோரம் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். “மேல வந்துட்டான்!”

அவ்வளவுதான். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். “நெத்தியப் பாரு, எப்டி வீங்கிக் கீது!” “எலும்பு கிலும்பு ஒடையலியே?” “ஏங்க, டீய ஊத்துங்க மொதல்ல.” என் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். “மேல வந்துட்டானா? மேலேர்ந்துதானடா விழுந்தான்!”

நான் பல்லைக் கடித்துக்கொண்டு உன்னிடம் சொன்னேன். “மானம் போச்சுக்கா.”

நீ என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாய். “மானந்தானே போச்சு? போவட்டும். நீ கீறியே.”

சொல்லிவிட்டு, தம்ளரில் டீ ஊற்றி செக்யூரிட்டிக்காரருக்கு நீட்டினாய். அடுத்தது, மொபைலைத் தூக்கிப் பிடித்திருந்த அந்தப் பையனுக்கு. “நீயும் குடிப்பா. பயந்துட்டியா? மொகமே சரியில்ல.” அவன் மொபைலைப் பையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். எனக்கு அதுவும் வெட்கமாகத்தான் இருந்தது. உன் டீயை நான் குடிக்கவில்லை. வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டேன். டெம்போவில் ஊர் திரும்பும்வரை ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நீ என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். தூக்கத்திலும் என் மணிக்கட்டை விடவில்லை. பங்காருப்பேட்டை தாண்டும்போது கையை உருவப் பார்த்தேன், பிடி இறுகியது.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் உனக்குத் தெரியும். சட்டையைப் பெட்டியில் எறிந்தேன். லைனின் முன்பக்கம் நடப்பதை விட்டேன். பின்சந்து வழியாகப் போய், சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டைச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ‘பைலட்டு’ என்று யாராவது கூப்பிட்டால் காது கேட்காதவன் மாதிரி நடந்தேன். அவர்கள் கிண்டலாகக் கூப்பிடவில்லை என்பது தெரியும். அதுதான் இன்னும் மோசம். பயிற்சிக்குப் போவதை நிறுத்தினேன், சார் இரண்டு தடவை போன் செய்தும் எடுக்கவில்லை. வீட்டில் நீ ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாய்: “பறக்கறதும் உடறதும் உன் இஷ்டம். புடிக்கலன்னா உடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வெக்கப்பட்டுகினு மட்டும் உடாத. எனுக்கு அது புடிக்கல.” நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. குழம்பில் உப்பு குறைவு என்று சொன்னேன். அன்று உப்பு சரியாகத்தான் இருந்தது.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் வேலைக்கும் போனாய். மூன்றாம் நாள் ஸ்டேஷன் படியில் உட்கார்ந்துவிட்டாய் என்று உன் ரயில் கூட்டாளிகள் போன் செய்தார்கள். டெங்கு என்றார்கள். பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் மறுநாள் கேட்டருகில் அதே வரிசை. ரத்தினம் மாமா, தனம் அத்தை, எல்லாரும். “ஒருத்தர்தான் உள்ள போகலாம்” என்றார் அங்கிருந்த செக்யூரிட்டி. அவர்கள் உள்ளே போகவே கேட்கவில்லையே, நிற்கத்தானே வந்தார்கள். தனம் அத்தை என் கையில் கம்பளியைக் கொடுத்தார். நான் அவர்களோடு வரிசையில் நின்றேன். யாரும் சொல்லாமலே பேச்சு நின்றுபோயிற்று.

அங்கே நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது அக்கா, ஒரு கதவையே பார்த்துக்கொண்டு நிற்பது என்றால் என்னவென்று. யார் வந்தாலும் நெஞ்சு எகிறும், நீ இல்லை என்றதும் விழும். டாக்டர் ஒவ்வொரு முறையும் “ஒண்ணும் இல்ல, பிளேட்லெட் கவுண்ட் ஏறிடும்” என்றார். நான் நம்பினேன். ரத்தினம் மாமா அந்த வார்த்தையைக் கேட்டதும் தரையைப் பார்த்தார். நான் அன்று கேட்டில் கத்தியபோது நீயும் இப்படித்தானே நின்றிருப்பாய், அந்த வெயிலில், நான் எத்தனை துண்டாக வரப்போகிறேன் என்று தெரியாமல். உன்னைப் பார்த்து நான் மானத்தைப் பற்றிப் பேசினேன். அதை நினைத்தால் விமானத்தை உடைத்த வெட்கமெல்லாம் ஒன்றுமே இல்லை.

நீ வரவில்லை. ரத்தினம் மாமா என் தலையில் கையை வைத்தார், வாயைத் திறந்தார், ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். என் கையிலிருந்த கம்பளி மடிப்புக் கலையாமல் அப்படியே ஊர் திரும்பியது. அதைத் தனம் அத்தைதான் பெட்டியில் வைத்திருக்க வேண்டும்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து நானே சாருக்குப் போன் செய்தேன். ஏன் என்று கேட்காதே. உப்பு சரியாக இருந்தது என்று உன்னிடம் சொல்ல முடியாமல் போனது, அதனால் என்று வைத்துக்கொள். சார் பழையதைப் பேசவில்லை. “பா” என்றார், வா என்று. பக்கத்தில் அவரை வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பழகினேன். எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் தனியாகப் போ என்று அவர் சொல்லுகிற நாளுக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். அந்த நாள்தான் இன்று.

நீ இஸ்திரி போட்ட சட்டையில்தான் போனேன். ஏறியது நன்றாக இருந்தது. இறங்கும்போது, கேள், அதே கதை! அதே வேகம், அதே மிதப்பு, அதே தொப். சக்கரம் மோதி எகிறியது. ஹேங்கர் ஓரத்தில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். என் கை மூக்கை அழுத்தப் போனது, சத்தியமாகப் போனது. மானம் போகுமே என்று உள்ளே ஒருவன் கதறினான். போவட்டும் என்றேன். வாய்விட்டே சொன்னேன் அக்கா, உன் மாதிரியே. முழு வேகம் கொடுத்தேன். “கோயிங் அரவுண்ட்” என்று ரேடியோவில் சொன்னபோது என் குரல் உடைந்து கீச்சென்று வந்தது. அதை மைதானமே கேட்டது. எல்லாருக்கும் தெரிந்து, எல்லாரும் பார்க்க, ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். காது மடல் வரை சூடு. இரண்டாவது தடவையும் பூப்போல எல்லாம் இல்லை. கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் அழுத்தமாக இறங்கினேன். ஆனால் மூன்று சக்கரமும் தரையில் நின்றன.

“சென்னாகிரலில்ல” என்றார் சார். நன்றாக இல்லையாம். பிறகு கையைக் குலுக்கி, “ஆதரே சேஃப்” என்றார், ஆனாலும் பத்திரம் என்று.

கேட்டுக்கு வந்தேன். அதே செக்யூரிட்டிக்காரர். சாலையின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “ஏனு சார், இவத்து டீ இல்வா?” இன்றைக்கு டீ இல்லையா என்று. இல்லை என்று கையை ஆட்டினேன். சுவரோரம் வெயில் மட்டும் கிடந்தது. யாரும் வந்துவிடக் கூடாது என்று ஒருவரிடமும் சொல்லாமல் வந்தவன் நான், அங்கே நின்றுகொண்டு தேடினேன்.

ரயிலில் வரும்போது இறங்கிவிட்டேன் என்கிற நினைப்பே வரவில்லை. கால் ரயில் தரையில் இருக்கிறது, நான் எங்கேயோ மேலேயே இருக்கிறேன். கோரமண்டலில் இறங்கினேன். பின்சந்துப் பக்கம் திரும்பிய காலை இழுத்து முன்பக்கம் நடந்தேன். தனம் அத்தை வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னா பைலட்டு, இந்தப் பக்கம்? வழி தெரியுதா உனுக்கு?”

“அத்தே, இன்னிக்குத் தனியா போனேன்.”

முறம் நின்றது. “சொல்லவேயில்லியேடா பாவி! போன் இன்னாத்துக்குக் கீது? எறங்கிட்டியா ஒழுங்கா?”

“ஒண்ணும் இல்லத்தே” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன, எதிர்வீட்டில் ஆள் நின்றிருந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன். “கொஞ்சம் தொடுங்கத்தே.”

அவர் ஒன்றும் கேட்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தார், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார், எழுந்து வந்து என் கன்னத்தில் கையை வைத்தார். பிறகு லைனைப் பார்த்துக் குரல் கொடுத்தார். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. தோளில் ஒன்று, முதுகில் ஒன்று. ரத்தினம் மாமா கடைசியாக, மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உச்சந்தலையில் கையை வைத்துச் சொன்னார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அத்தை கொடுத்த டீயைக் குடித்தேன். இரண்டு தம்ளர்.

எல்லாரும் தொட்டார்கள். என் மணிக்கட்டை யாரும் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாதே. கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். போன மானம் போனதுதான், திரும்பி வரவில்லை. வராவிட்டால் போகட்டும். நான் கீறேன் அக்கா. நீதான் இல்ல.